சிலையின் விரல்

துப்பாக்கி சுடும் கிளப்பில் என் அக்காவுக்குப் பெயர் சிலை. சுடும் கோட்டில் படுத்து ரைஃபிளைத் தோளோடு அணைத்துவிட்டால், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். அதே கிளப்பின் பட்டறையில் பழைய ரைஃபிள்களைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டுவது என் வேலை. நான் அசையாமல் இருந்த நேரமே கிடையாது, வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன வாரம் சிலையின் ரைஃபிள் தானாக வெடித்தது. தானாக என்று நான்தான் சொல்கிறேன். கோட்டைக் கவனிக்கும் அதிகாரி அப்படிச் சொல்லவில்லை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவர் எங்களுக்கு விசில்காரர். குண்டு யார் மேலும் படாமல் மணல்மேட்டில் போய்ப் புதைந்தது. "வயசாயிடுச்சு, விரல் பட்டிருக்கும்" என்று அவர் எல்லோர் காதிலும் போட்டுவைத்தார். அந்த மனிதர் வாயில் விசில் இருக்கும்போதே தேவலை.

இன்று மதியம் அக்காவே ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அந்த நேரத்தில் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்வாக இறங்கும். தூசி அதில் அவசரமே இல்லாமல் மிதக்கும். மண்ணெண்ணெய் வாசனை கொஞ்சம் தலைக்கு ஏறியிருக்கும். மதியங்களில் நான் பாதித் தூக்கத்தில்தான் வேலை செய்கிறேன். கை அதுபாட்டுக்குச் செய்யும், மனசு எங்கேயோ போய்விட்டு வரும்.

"உண்மையைச் சொல்லுடி. என் விரலா, இதுவா?" என்றாள் அக்கா.

"பிரிச்சுப் பாக்காம சொல்றதுக்கு நான் என்ன ஜோசியக்காரியா?"

"விரல்னா கோட்டுக்கே போகாம இருந்துடுவேன், அது பெரிசில்ல. விரல் அப்ப எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியலடி. எங்கேயோ இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தேன். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

எங்கள் அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இதை யார் பற்றவைத்தது என்று எங்களிடமே கேட்பாள். கடைசியில் எங்களையே யார் என்று கேட்டாள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வாயக் கழுவு முதல்ல. அப்படி உக்காரு."

உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டேன். ரைஃபிள் குழாயை மணல்மூட்டைப் பக்கம் திருப்பி, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, வேகமாக முன்னால் தள்ளிப் பூட்டினேன். டக். விசைக்குப் பக்கத்தில்கூட என் கை போகவில்லை. மறுபடி பூட்டினேன். இந்தமுறை ஊசி விழாமல் நின்றது. ரைஃபிளின் மரக்கட்டை அடியை ரப்பர் பாயில் லேசாகத் தட்டினேன். டக்.

"பாத்தியா? என் கை எங்க இருக்கு, சொல்லு! ஊசி தானா விழுது!" என்று கத்தினேன்.

அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் வலதுகை ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணும் நிறைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அப்போதே விசில்காரரைத் தேடிப்போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். காரணம் தெரியாமல் போனால் அவர் நம்பமாட்டார் என்று அடக்கிக்கொண்டேன்.

போல்ட்டைக் கழற்றினேன். திருகுகளை எடுத்து இரும்பைக் கட்டையிலிருந்து பிரித்தேன். கழற்றுகிற ஒவ்வொன்றையும் வெள்ளைத்துணியில் வரிசையாக வைத்தேன், பூட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வரலாம். சின்ன ஆணியைத் தட்டி வெளியே எடுத்தால் விசை கையோடு வரும். அதோடு ஒரு சிறு ஸ்பிரிங்கும் ஒரு கொக்கியும். கொக்கி நகமளவுதான். சுடுகிற ஊசியை, நாம் விசையை இழுக்கும்வரை பின்னால் பிடித்து வைத்திருப்பது அதுதான். போல்ட்டைப் பூட்டும்போது அது சட்டென்று மேலே எழும்ப வேண்டும். அதனால் இந்தப் பழைய ரைஃபிள்களில் கொக்கிக்கு நாங்கள் எண்ணெய் விடுவதில்லை. துடைத்து உலர்த்திப் பூட்டுவதோடு சரி. எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகும், கொக்கி சோம்பேறியாகும், பாதி எழும்பி நிற்கும். கிளப்பில் இந்தச் சட்டத்தைப் போட்டவளே அக்காதான். ஆசையாக எண்ணெய் விட்ட எத்தனையோ பேரை அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள்.

அக்காவின் ரைஃபிளில் கொக்கி வர மறுத்தது. நெம்பி எடுத்தேன். பழுப்பாகப் பிசின், அதன்மேல் இன்னும் கொஞ்சம் இளம் பிசின், எல்லாவற்றுக்கும் மேலே புது எண்ணெய் பளபளவென்று நின்றது.

"வீட்டுல இத வேற யாராவது தொட்டாங்களா?"

"அத்தான் போனதுக்கப்புறம் என் வீட்டுல என்னையும் பல்லியையும் விட்டா யாரு இருக்கா?"

பல்லி விட்டிருக்காது என்று வாய்வரை வந்தது.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் ஒற்றி உலர்த்தினேன். கொக்கியின் விளிம்பு கூர் மழுங்காமல் புதிதுபோல் இருந்தது. அதில் குறையே இல்லை. கை கழுவ உள்ளே போனேன்.

குழாயடியிலிருந்து பார்த்தால் நடுக்கதவுக் கண்ணாடி வழியாக மேசை தெரியும். அக்கா வெயிலில் நின்றிருந்தாள். துணியில் கிடந்த கொக்கியைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மேசையிலிருந்த எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள். குப்பியை வைத்துவிட்டு, ஜன்னலில் எதையோ பார்த்தாள். தூசி மிதந்துகொண்டிருந்தது. திரும்பினாள். கொக்கியைப் பார்த்தாள். குப்பியை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள். வைத்தாள். மறுபடி ஜன்னல். மறுபடி குப்பி. அவள் முகத்தில் அவ்வளவு அமைதி.

தண்ணீர் என் கைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் தப்புச் செய்யவில்லை. அந்த நிமிடம் அது விரலாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். என் அக்காவை நான் இழக்க ஆரம்பித்திருந்தேன், அவள் எதிரில் நிற்கும்போதே.

முகத்தையும் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா குப்பியைக் கையில் வைத்தபடி துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியைச் சுற்றித் துணி நனைந்திருந்தது.

"இதுல யாருடி இவ்வளவு எண்ணெய் விட்டது?" என்றாள். குரலில் பழைய பயம் எட்டிப்பார்த்தது.

"நான்தான்கா. போன தடவ சர்வீஸுக்கு வந்தப்பவும் நான்தான் விட்டேன். தூக்கக் கலக்கம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"கழுத! கொக்கிக்கு எண்ணெய் ஆகாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! உன்னால என் பேரு கெட்டுதுடி. போ, விசில்காரர்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

"சொல்றேன்கா. உன் விரல் படலன்னு சத்தியமா சொல்றேன்."

அது உண்மை. மீதியையும் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்னொருவர் உயிர் சம்பந்தப்பட்டது.

கொக்கியை மறுபடி துடைத்துப் பூட்டினேன். போல்ட்டை மட்டும் என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன், அது இல்லாமல் ரைஃபிள் சுடாது. "ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, புதுசு வரணும். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றேன். சரி என்று தலையாட்டினாள். பெரிய பாரம் இறங்கியவள்போல் கை வீசிக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

வாசலில் நின்று திரும்பினாள். வெயிலில் முகம் பாதிதான் தெரிந்தது.

"ஏண்டி, அதுல யாரு அவ்வளவு எண்ணெய் விட்டது?"

"நான்தான்கா" என்றேன்.

"கழுத" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.