பதினேழாவது ஆள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள்: பெண்பிள்ளைகள் பதினாறு பேர், பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வரை. பயிற்றுநர் ஃப்ளுரீனா, வயது இருபத்துமூன்று, அதே பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவள். அவளுடைய நாய். மண்டபத்தின் அப்வார்ட், அதாவது துடைப்பமும் திறப்புக் கொத்தும் அதிகாரமும் ஒரே கையில் வைத்திருக்கும் மனிதர். மதுஜா, வயது பதினான்கு. மதுஜாவின் அப்பா யோகராஜா, கையில் மடக்குக் கதிரையும் குளிர்ப்பெட்டியும்.

பெண்பிள்ளைகளின் விளையாட்டு முகாமுக்கான பட்டியலில் மதுஜா இல்லை.

ஃப்ளுரீனா பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தாள், கீழிருந்து மேலே ஒரு தரம் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, கீழ்த்திடலில் நடக்கும் பையன்களின் முகாமுக்கான பட்டியலைத் திறந்தாள். அங்கே இருந்தது. யோகராஜா தம்பித்துரை, ஆண், பிறந்த ஆண்டு 2003, சட்டை அளவு எக்ஸ்எல், ஒவ்வாமை: நண்டு.

"இது யார்?" என்று கேட்டாள்.

மதுஜா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். நல்ல கூரைதான்.

"அப்பா, என்ன எழுதினீங்கள்?"

"கேட்டதைத்தான் எழுதினன்."

"என்ரை பேர் எங்கை?"

"கீழை உனக்கெண்டு ஒரு இடம் வருமெண்டு பாத்துக்கொண்டு போனன். வரேல்லை. அனுப்பெண்டு வந்திட்டுது. அனுப்பினன்."

"ஆம்பிளையெண்டு ஏன் போட்டீங்கள்?"

"படிவம் நிரப்பினது ஆர்? நான். நான் ஆம்பிளைதானே?"

யோகராஜா வேண்டுமென்று செய்யவில்லை. சுவிசுக்கு வந்த நாளிலிருந்து வதிவிட அனுமதி, வீடு, காப்புறுதி, குழந்தைகள் காப்பகம் என்று எந்தப் படிவம் வந்தாலும் முதல் கோட்டில் அவருடைய பெயர்தான் போகும். வீட்டுக்குப் பொறுப்பானவர் முதலில், மற்றவர்கள் பிறகு. கை அப்படியே பழகிவிட்டது. பிறந்த ஆண்டைக்கூடத் தன்னுடையதைத்தான் அடித்திருக்கிறார். கணினி சிவப்புக் கோடு காட்டியது. இது மகளுடையதைக் கேட்கிறது போல என்று அந்த ஒன்றை மட்டும் மாற்றினார். நண்டு தின்றால் தடிப்பதும் அவருக்குத்தான். மதுஜா நண்டென்றால் ஓட்டையும் விடமாட்டாள்.

இதையெல்லாம் ஜெர்மனில் சொல்லி முடிப்பதற்குள் மதுஜாவுக்கு வியர்த்துவிட்டது. பாதியை விட்டுவிட்டாள். ஃப்ளுரீனா சிரிக்காமல் கேட்டாள். அது பெரிய விஷயம்.

"பையன்களோடு உன்னை விடமுடியாது. அவர்கள் உடம்பால் மோதி விளையாடுகிறார்கள். இங்கே பதினாறு இடம். பதினாறு மட்டை, பதினாறு கண்கவசம். எல்லாம் போய்விட்டது."

மதுஜா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பேசினால் அழுகை வரும் என்று தெரியும். பதினாறு புதுமுகங்களுக்கு முன்னால் அழுவதைவிட அப்பாவின் ஒவ்வாமையோடு நண்டு தின்று சாவது மேல்.

அவளுக்கு எதிலும் பெரிய ஆசை இருந்ததில்லை. நடன வகுப்புக்கு நான்கு வருடம் போனாள், முகத்தில் பாவம் வரவில்லை என்று ஆசிரியைக்கே அலுத்துவிட்டது. உதைபந்தாட்டத்தில் ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுவாள். சித்திரை மாதம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாணவிகள் வந்து லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். நுனியில் வலைப்பை வைத்த மட்டை. கட்டியான இரப்பர் பந்து. பந்தை வலைப்பையில் ஏந்திக்கொண்டு ஓடவேண்டும், எறியவேண்டும், பிடிக்கவேண்டும், எதிர்ப்பக்கத்துக் கோலுக்குள் போடவேண்டும். மதுஜா ஒருதரம் எறிந்தாள். பந்து முற்றத்தைத் தாண்டிக் குப்பைத்தொட்டிக்குள் விழுந்தது. குறிபார்த்தது குப்பைத்தொட்டியைத்தான். அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அட்லிஸ்வில் முருகன் கோயில் வாசலில் நிற்கும் ஒருவருக்கும் இந்த விளையாட்டின் பெயரே தெரியாது. யாருடைய பிள்ளை, எந்த ஊர், எத்தனை புள்ளி என்று கேட்க இந்த விளையாட்டில் ஆளில்லை. சுவிசில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது லேசான வேலையல்ல.

ஃப்ளுரீனா மண்டபத்தின் மறுமுனையைப் பார்த்தாள். ஆளுயரத்துக்குச் சதுரமாக ஒரு கோல். அதன் வாயில் மூலைகளில் ஓட்டை வெட்டிய பலகை ஒன்று தொங்கியது.

"கோல்காப்பாளர் ஒருத்தியும் பதியவில்லை. அதனால் பலகை. தலைக்கவசம், நெஞ்சுக் கவசம், பெரிய மட்டை எல்லாம் அலுமாரியில் சும்மா கிடக்கின்றன." கொஞ்சம் யோசித்தாள். "புதன் மதியம் வரைக்கும் நில். புதன் மதியம் பத்துப் பந்து அடிப்போம். எத்தனை உள்ளே போகிறது என்பதைப் பார்க்கமாட்டேன். பந்து வரும்போது முகத்தைத் திருப்புகிறாயா என்பதைத்தான் பார்ப்பேன். முகத்தைத் திருப்பினால் கவசம் இல்லாத இடத்தில் அடிபடும். மூன்று தரத்துக்கு மேல் திருப்பினால், மன்னிக்கவேண்டும், வீட்டுக்குத்தான். சம்மதமா?"

"சம்மதம்."

"என்னவாம்?" என்றார் யோகராஜா.

"கோலுக்கை நிக்கட்டாம். புதன்கிழமை சோதினை."

யோகராஜாவின் முகம் மலர்ந்தது. "கீப்பரோ! நான் ஊரிலை விக்கெட் கீப்பரெல்லோ!"

ஒரு மட்ச் நின்றிருக்கிறார். அதுவும் உண்மையான கீப்பருக்கு வயிற்றோட்டம் என்பதால். சித்தப்பா சொல்லி மதுஜாவுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை.

யோகராஜா வேலை செய்யும் உணவகம் அந்த வாரம் விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. செய்த பிழைக்குப் பிராயச்சித்தமாக முகாம் முடியும்வரை கூடவே இருப்பது என்று முடிவெடுத்தார். பக்கச்சுவரோரம் மடக்குக் கதிரையை விரித்து உட்கார்ந்தார். பந்து மதுஜாவை நோக்கிப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் எழும்பி நின்று கத்தினார்.

"மதூ!"

கிரிக்கெட்டில் அவர்கள் அப்படித்தான். பந்து உயர எழும்பினால் பிடிக்கவேண்டியவனின் பெயரை எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், இரண்டு பேர் ஓடிவந்து மண்டையை மோதிக்கொள்ளக்கூடாது என்று. யோகராஜா உதவிதான் செய்தார். ஆனால் அப்பா கூப்பிட்டால் திரும்பவேண்டும் என்று பதினான்கு வருடம் பழக்கிய கழுத்து அது. கூப்பிட்டதும் திரும்பியது. பந்து தோளில் விழுந்தது, தொடையில் விழுந்தது, ஒருதரம் தலைக்கவசத்தின் பக்கத்தில் விழுந்து மணி அடித்தமாதிரி இருந்தது.

"திரும்பாதே!" என்றாள் ஃப்ளுரீனா.

"கண்ணை மூடாதை!" என்றார் யோகராஜா.

"உன் அப்பா என்ன பாடுகிறார்?" என்று கேட்டாள் லேயா. முகாமிலேயே வேகமாக எறிகிறவள் அவள்தான், கைகால் எல்லாம் தும்புத்தடி மாதிரி நீளம்.

"என் பெயரை."

லேயாவுக்கு அது பிடித்துப்போயிற்று. செவ்வாய் காலைக்குள் பதினாறு பேரும் எறியும்போது "மதூஊ" என்று ஊளையிடத் தொடங்கினார்கள். நாயும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கத்தினால் மதுஜாவின் கழுத்து அசையவேயில்லை. அது ஒரே ஒரு குரலுக்குப் பழகிய கழுத்து.

அவள் இதைக் கண்டுபிடித்தது செவ்வாய் பின்னேரம். யோகராஜா காரை நீலக்கோட்டுக்குள் விட்டிருந்தார். அங்கே ஒரு மணி நேரம்தான் விடலாம், பிறகு எடுத்து வேறு தெருவில் விடவேண்டும். மூன்று மணிக்கு அவர் காரை மாற்றப் போனார். இடம் கிடைக்காமல் அரைமணி நேரம் சுற்றினார். அந்த அரைமணி நேரத்தில் மதுஜா பதினொரு பந்துகளைத் தடுத்தாள், லேயாவினுடையது மூன்று. பந்து மட்டையின் பெரிய வலைக்குள் வந்து 'தொப்' என்று உட்காரும் சத்தம் அவளுக்குச் சோறு தின்ற மாதிரி இருந்தது. அப்பா திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அடுத்த பந்து விலாவில்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொல்லத்தான் நினைத்தாள். அப்பா அவளுடைய தோளுக்குச் சித்தாலேப்பைத் தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் தன் பயிற்சியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். "நான் ஒராள் கத்தாட்டி பிள்ளைக்குப் பந்து வாறதே தெரியாது" என்றார். மதுஜா புட்டை விழுங்கினாள். சொல்லவேண்டியதையும் விழுங்கினாள்.

புதன்கிழமை வெளியே மழை. பையன்களும் மழைக்கு ஒதுங்கி மண்டபத்துக்குள் வந்து சுவரோரமாக இருந்தார்கள், ஈரக் காலுறை மணத்தோடு. சோதனைக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். லேயா பத்து மீற்றர் தூரத்தில் வந்து நின்றாள். ஃப்ளுரீனா கோலுக்குப் பக்கவாட்டில் குந்தினாள், மதுஜாவின் முகத்தை மட்டும் பார்க்க.

முதல் பந்து. "மதூ!" திரும்பினாள்.

"ஒன்று" என்றாள் ஃப்ளுரீனா.

இரண்டாவது பந்துக்கு யோகராஜா தும்மிவிட்டார். கத்த முடியவில்லை. மதுஜா பந்தை அப்படியே வாரி எடுத்தாள். பையன்கள் கைதட்டினார்கள்.

மூன்றாவது. "மதூஉ!"

"இரண்டு."

நான்காவதுக்கு மதுஜா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரும்பமாட்டேன், திரும்பமாட்டேன் என்று தனக்குத்தானே சொன்னாள். "மதூ! இடப்பக்கம்!" கழுத்து போய்விட்டது.

"மூன்று. இன்னும் ஆறு பந்து. ஒன்றுகூடத் திருப்பக்கூடாது."

மதுஜா தலைக்கவசத்தைக் கழற்றினாள். "ஒரு நிமிடம்" என்று ஃப்ளுரீனாவிடம் சொல்லிவிட்டு, நெஞ்சுக் கவசமும் கால் கவசமுமாக, பெரிய மட்டையை இழுத்துக்கொண்டு அப்பாவிடம் நடந்தாள்.

"அப்பா, கார் நேரம் முடிஞ்சிருக்கும். போய் மாத்துங்கோ."

"தண்டம் எழுதினால் எழுதட்டும். உன்னை இப்பிடி அந்தரத்திலை விட்டிட்டுப் போறதோ?"

"போங்கோ அப்பா."

"நான் இல்லாட்டி ஆர் உனக்குச் சொல்லுறது? அந்தப் பெட்டை எறியிற எறியைப் பாத்தியே? கண்ணுக்கே தெரியேல்லை."

மதுஜா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்கள் கூப்பிடுறதாலைதான் நான் திரும்பிறன்."

"என்ன?"

"நீங்கள் மது எண்டால் நான் திரும்பிப் பாக்கிறன். மூண்டு தரமும் அதாலைதான். நேற்று நீங்கள் காரை மாத்தப் போனநேரம் பதினொண்டு பிடிச்சனான்."

யோகராஜா பையன்களைப் பார்த்தார், லேயாவைப் பார்த்தார், கடைசியாக நாயைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் சாட்சி சொல்ல வரவில்லை.

"பதினொண்டோ?"

"ஓம்."

"நேற்றே சொல்லியிருக்கலாமே, விசரி."

"தோள் தேய்ச்சுக்கொண்டிருந்தீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

அவர் கதிரையை மடக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளித் தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தால் கத்திவிடுவோம் என்ற பயம் அவருக்கே இருந்திருக்கவேண்டும்.

மிச்சம் ஆறு பந்து. இரண்டு உள்ளே போயின. ஒன்று கம்பத்தில் பட்டுத் தெறித்து அப்வார்டின் வாளிக்குள் விழுந்தது. மூன்றை மதுஜா பிடித்தாள். ஆறுக்கும் கண்ணைத் திறந்தபடி, மூக்கை நேரே வைத்தபடி நின்றாள். கடைசிப் பந்து வரும்போது அதன் தையல் இல்லாத மஞ்சள் உடம்பு சுழல்வதுகூடத் தெரிந்தது.

"நாளைக்கு ஒன்பது மணி" என்றாள் ஃப்ளுரீனா. "பெரிய தண்ணீர்ப் போத்தலாகக் கொண்டு வா. வெள்ளிக்கிழமை சூக் நகர அணியோடு மட்ச். நீதான் கோலுக்குள்."

லேயா பலகையைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல் ஏறிக் குதித்தாள். பதினாறு பேரும் "மதூஊ" என்று ஊளையிட்டார்கள். பையன்களும் ஊளையிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குக் கதவு படாரென்று திறந்தது.

"சரியோ? சரியோ பிள்ளை?"

"சரி அப்பா! எடுத்தாச்சு!"

யோகராஜா ஓடிவந்து முதலில் ஃப்ளுரீனாவின் கையைக் குலுக்கினார், பிறகு லேயாவின் கையை, பிறகு சம்பந்தமில்லாத நான்கு பையன்களின் கையை. குளிர்ப்பெட்டியைத் திறந்து வீட்டில் பொரித்த றோல்ஸ் எடுத்து எல்லாருக்கும் நீட்டினார். அப்வார்ட் இரண்டு எடுத்தார். மண்டபத்துக்குள் சாப்பிடக்கூடாது என்ற அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. ஃப்ளுரீனா விசில் அடித்தாள். இரண்டு அணியாகப் பிரிந்து மட்ச் தொடங்கப்போகிறது, மதுஜா கோலுக்கு.

மதுஜா திரும்பிப் பார்த்தாள். யோகராஜா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"நான் வாயே திறக்கமாட்டன்."

"திறப்பீங்கள்."

"மெல்லமாய் ஒருக்கால்..."

"எழும்புங்கோ."

எழும்பினார். அவள் கதிரையை மடக்கி அவருடைய ஒரு கையில் கொடுத்தாள். குளிர்ப்பெட்டியை மறு கையில் கொடுத்தாள். முதுகில் மட்டையை வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

"எத்தினை மணிக்கு வர?"

"வரவேண்டாம். எஸ் நாலு ரயிலிலை நானே வாறன்."

"தனியவோ?"

"ஓம், தனிய. வெள்ளிக்கிழமையும் வரவேண்டாம். அம்மா வரட்டும். அவ சத்தம்போடமாட்டா."

"நான் கேமரா எடுக்கிறதெண்டாலும்..."

"அப்பா!"

யோகராஜா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தில் இறங்கினார். அப்வார்ட் வாயில் றோல்ஸோடு மதுஜாவிடம் திறப்புக் கொத்தை நீட்டினார். மதுஜா கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அப்பா அந்தப்பக்கம் நின்று ஏதோ வாயசைத்தார். அவள் அதைப் பார்க்காமல் திறப்பை இரண்டு தரம் திருகிப் பூட்டினாள்.