எதிரணி வட்டத்தில் வெர்னா

ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் முல்கூரா ஃபுட்டி கிளப் வரிசையாக இருபத்தெட்டு ஆட்டம் தோற்றிருந்தது. இருபத்தொன்பதாவதும் தோற்கும் என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கோச்சை வைத்துக்கொள்வதா, தூக்குவதா என்பதில்தான் வருஷம் பூரா சண்டை.

சண்டை நடக்கும் இடம் மைதானத்தின் வேலி. சனிக்கிழமை மத்தியானம் கார்களெல்லாம் வேலியில் மூக்கை முட்டிக்கொண்டு வட்டமாக நிற்கும். இன்ன குடும்பத்துக்கு இன்ன இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாற்றி நிறுத்திப் பாருங்கள், தெரியும் சேதி. நம் பையன்கள் கோல் அடித்தால் அத்தனை காரும் ஹார்ன் அடிக்கும். இந்த வருஷம் அந்தச் சத்தம் கேட்டு மைதானத்து மாக்பை பறவைகளே திடுக்கிட்டுப் பறந்தன, அவ்வளவு பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"முதல்ல க்ளாரியத் தூக்கணும். அடிலெய்டுல இருந்து ஒருத்தனக் கூட்டிட்டு வரணும். பெரிய கிளப்புல ஆடினவன்" என்றான் டைனி. டைனி என்றால் பொடியன் என்று அர்த்தம். ஆள் நூற்றிருபது கிலோ, கோதுமை லாரி ஓட்டுகிறவன். சத்தமும் லாரி மாதிரிதான்.

"அவன் எதுக்குடா இங்க வர்றான்? உன் மூஞ்சியப் பார்க்கவா?" என்றாள் கெய்லீன், தன் கார் சன்னலை இறக்கி. "எனக்குக் கேட்டா, வெஸ்ட்ரே கோச் கோர்மக்கை இழுத்துட்டு வரணும். என்னமா பேசுறான் அந்த மனுஷன்."

"அவன் பேசுறது உனக்கு எப்படித் தெரியும்?"

கெய்லீன் சட்டென்று சன்னலை ஏற்றிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த வெர்னா ட்ரெஸைஸ் கறி அடைத்த மீட் பை பண்டத்தைக் கடித்தபடி, தக்காளி சாஸ் வழிவதே உலகத்தில் பெரிய பிரச்சினை என்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெர்னாவின் சங்கடம் ஊருக்கே தெரியும். கோச் க்ளாரி அவளுடைய சொந்தத் தம்பி. அவளுக்கு அறுபத்து நாலு, அவனுக்கு அறுபத்தொன்று. அவன் மனைவி போன பிறகு அவனுக்கு இருந்ததெல்லாம் இந்த கிளப்பும் இந்த அக்காவும்தான். கிளப் கமிட்டியில் ஏழு பேர். க்ளாரியே இருக்கட்டும் என்று மூன்று பேர், போகட்டும் என்று மூன்று பேர். கெய்லீன் போகட்டும் கட்சி. ஏழாவது ஆள் வெர்னா. கடைசி ஆட்டம் முடிந்ததும் கிளப் ஹாலில் எல்லார் முன்னாலும் கை தூக்க வேண்டும். தம்பி வேண்டும் என்று தூக்கினால் பையன்கள் பாதிப் பேர் வேறு ஊருக்கு ஆடப் போய்விடுவார்கள், அடுத்த வருஷம் கிளப்பே இருக்காது. வேண்டாம் என்று தூக்கினால் தம்பி இருக்கமாட்டான். அதாவது, அவளுக்கு இருக்கமாட்டான். இதை நினைத்து மூன்று வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

சரி, கெய்லீன் ஏன் சன்னலை ஏற்றினாள் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஃபுட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நாலு கால் பகுதி, ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. மூன்றாவது கால் முடிந்ததும் பையன்கள் மைதானத்துக்கு நடுவே வட்டமாக நிற்பார்கள், கோச் பேசுவார். அப்போது பார்க்க வந்த சனம் மொத்தமும் வேலியைத் தாண்டி உள்ளே போய் அந்த வட்டத்தைச் சுற்றி நின்று கேட்கலாம். நாய், குழந்தை, டீ ஃப்ளாஸ்க் எல்லாத்தோடும்தான். ஆனால் அவரவர் அணி வட்டத்துக்குத்தான் போக வேண்டும். எதிரணி வட்டத்துக்குப் போகக்கூடாது என்று சட்டம் இல்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் சொல்லாமல் நுழையக்கூடாது என்று கூடத்தான் சட்டம் இல்லை.

வெர்னாவும் கெய்லீனும் இரண்டு மாதமாக எதிரணி வட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாராவாரம் எந்த அணி வருகிறதோ அந்த அணி நிறத்தில் கம்பளிக் குல்லா. அதைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று, எந்தக் கோச் எப்படிப் பேசுகிறான் என்று எடை போடுவது. நல்ல ஆளாகச் சிக்கினால் தன் கை தூக்குவது கொஞ்சம் சுலபமாகும் என்று வெர்னா நினைத்தாள். சிக்கவில்லை. ஒருத்தன் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. இன்னொருத்தன் இடைவேளை முழுக்கப் போன வருஷத்து ஆட்டத்தைப் பற்றியே பேசினான். மூன்றாவது ஆளான கோர்மக் பேசியது உருக்கமாக இருந்து, கெய்லீன் ஓவென்று அழுது, "யாரும்மா நீ?" என்று அவர்கள் திரும்பிப் பார்த்து, இரண்டு பேரும் தலை தெறிக்க ஓடிவந்தார்கள். அதிலிருந்து கெய்லீனை வெர்னா கூட்டிப் போவதில்லை.

கடைசி ஆட்டம் வெஸ்ட்ரேயோடு. மூன்றாவது கால் சைரன் அடிக்கும்போது எழுபத்தாறு புள்ளி பின்னால் கிடந்தோம்.

"நீ காரிலயே இரு" என்றாள் வெர்னா, வெஸ்ட்ரேயின் பழுப்புச் சிவப்புக் குல்லாவை மாட்டிக்கொண்டு.

"கோர்மக் பேசுறத நானும் கேட்கணும் வெர்னா. இன்னும் ஒரே ஒரு தடவை."

"நீ கேட்டாப் பரவாயில்ல. அழுது தொலைப்பே."

வெர்னா ஊதற்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு, நம் ஜனங்கள் போகும் பக்கமே கொஞ்ச தூரம் போவதுபோல் போய், நைசாக வெஸ்ட்ரே வட்டத்துக்குத் திரும்பினாள். கோர்மக் பேச ஆரம்பித்திருந்தான். நல்ல பேச்சுதான். "பாவம்டா அவங்க" என்றான் நம் பையன்களைக் காட்டி. "அடுத்த கால்ல ரொம்ப அடிக்காதீங்க. யாருக்கும் அடி படாம வீட்டுக்குப் போவோம்." வெர்னாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பரிதாபப்படுகிறானே, இதை எங்கே போய்ச் சொல்ல.

பக்கத்தில் ஒரு ஆள் மூக்குவரைக்கும் வெஸ்ட்ரே மஃப்ளர் சுற்றி, மழைக்கோட்டின் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றிருந்தான். கோர்மக் "பாவம்டா" என்றதும் அந்த ஆள் மெல்ல ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சை வெர்னா அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"க்ளாரி?" என்றாள் அடிக்குரலில்.

மஃப்ளருக்கு மேலே இரண்டு கண்கள் உருண்டு திரும்பின. நம் கோச்சேதான். ஆட்டம் நடக்கிறது, அணி அங்கே வட்டமாக நிற்கிறது, கோச் இங்கே எதிரி வட்டத்தில் மாறுவேஷத்தில் நிற்கிறான். ஃபுட்டி ஆரம்பித்த காலத்திலிருந்து இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"நீ இங்க என்னடா பண்றே?" என்றாள் வெர்னா. "பையன்கள விட்டுட்டு?"

"ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்னு, கால்ல டேப் சுத்துற ஜோஸிகிட்ட சொல்லிட்டு வந்தேன்." அவன் இன்னும் குரலைத் தாழ்த்தினான். "எனக்குப் பதிலா ஆள் தேடுறேன். நாலு வாரமா தேடுறேன், இப்படி வந்து நிக்கிறது இன்னிக்குத்தான். நீ என்ன பண்றே?"

வெர்னா குல்லாவை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். க்ளாரி அந்தக் குல்லாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"அட" என்றான். "நீயுமா?"

இரண்டு பேரும் வட்டத்தை விட்டு நழுவி ஸ்கோர் பலகைப் பக்கம் ஒதுங்கினார்கள். வெர்னா குல்லாவைக் கழற்றினாள். "தப்புதான்டா. உன் முதுகுக்குப் பின்னால போயிருக்கக் கூடாது."

"அத விடு. எனக்கு இது வரல வெர்னா. பையன்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. இன்னிக்கு நீ எனக்கு எதிராக் கையத் தூக்கணும்."

"நீயே விலகிக்கோயேன். எதுக்கு என்னைக் கொல்றே?"

"விலகினா ஓடிப் போயிட்டான்னு சொல்லுவான் டைனி. சாகுற வரைக்கும் சொல்லுவான். கோச்சா இருந்த தாத்தாவத் தூக்குனாங்க, அப்புறம் அப்பாவத் தூக்குனாங்க. ட்ரெஸைஸ் குடும்பத்துல எவனும் தானா போனதில்ல. தூக்கினாத்தான் மரியாதை. யார்கிட்டயும் நான் கேட்டேன்னு சொல்லக் கூடாது."

"ஊர் என்னை என்ன சொல்லும்?"

"காறித் துப்பும்" என்றான் க்ளாரி உண்மையாக. "வேற யாரையும் நான் கேட்க முடியாது."

அப்போதுதான் நம் வட்டத்தில் ஆள் பேசுவது கேட்டது. ஜோஸி. வருஷக்கணக்காகப் பையன்களின் கணுக்காலுக்கும் முட்டிக்கும் டேப் சுற்றிவிடுகிற ஜோஸி பிளண்டெல். கோச்சைக் காணோம் என்று பையன்கள் விழிக்கவும் அவள் கையில் டேப் உருளையோடு வட்டத்துக்கு நடுவே போய் நின்றுவிட்டாள். "அவங்க ஏழாம் நம்பருக்கு வலது முட்டி போச்சு. ரெண்டாவது கால் பகுதில இருந்து இடது பக்கமாத்தான் திரும்புறான். பதினஞ்சாம் நம்பர் குதிச்சா இறங்க பயப்படுறான். நான் கால் பார்க்கிறவ, எனக்குத் தெரியும். பந்த அந்த ரெண்டு பேர் பக்கம் கொண்டு போங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க."

கடைசிக் காலில் நம் பையன்கள் ஆறு கோல் அடித்தார்கள். வெஸ்ட்ரே ஒன்று. மாக்பைகள் ஊரை விட்டே போயிருக்கும். ஆட்டம் என்னவோ நாற்பத்தாறு புள்ளியில் தோற்றதுதான், இருந்தாலும் டைனி ஹார்னில் சாய்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை.

ஐந்து மணிக்கு கிளப் ஹாலில் கூட்டம். தலைவர் லிண்ட்சே பீர் கிளாஸைக் கரண்டியால் தட்டினார். "க்ளாரி இன்னொரு வருஷம் இருக்கணும்கிறவங்க?" மூன்று கை. "வேண்டாங்கிறவங்க?" மூன்று கை. ஹால் மொத்தமும் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தது. க்ளாரி பார் ஓரமாக நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னாவுக்கு அந்தக் கை மூட்டை சுமக்கிற மாதிரி கனத்தது. வேண்டாம் என்று தூக்கினாள்.

அப்புறம் டைனி எழுந்தான். வருஷம் பூரா க்ளாரியைத் தூக்கு தூக்கு என்று தொண்டை கிழியக் கத்திய அதே டைனி. "சொந்தத் தம்பியவே தூக்கிட்டாளே" என்றான், கண்ணில் தண்ணீரோடு. "இருபத்தொம்பது ஆட்டம் தோத்தா என்ன? மழையில நனைஞ்சு, பையன்களுக்காக உசிரக் குடுத்த மனுஷன்யா. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா வெர்னா?"

க்ளாரி அதற்கு மேல் நடித்தான். கிளப் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். நெஞ்சில் கை வைத்தான். அக்காவை ஒரு பார்வை பார்த்தான், பெற்ற பிள்ளையை விற்றவளைப் பார்ப்பதுபோல். தள்ளாடி வெளியே போனான். கார்ச் சாவியை மறந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான், எடுத்துக்கொண்டு முன்னைவிடத் துயரமாக வெளியேறினான். இவனுக்கு கோச் வேலை வரவில்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளலாம். நாடக வேலை வரவில்லை என்று சொல்லவே முடியாது.

அடுத்த வாரம் கமிட்டி ஜோஸியை கோச்சாக்கியது. "ஒரு நாள் ஆடியிருப்பாளா?" என்று டைனி ஆரம்பித்துவிட்டான், அது தனிக் கதை. வெர்னாவின் பாடுதான் திண்டாட்டம். பேக்கரியில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். முப்பது வருஷமாக அவளோடு டென்னிஸ் ஆடியவள் எதிரே வந்து சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். கெய்லீன் கூட, வேண்டாம் என்று தானும் கை தூக்கியவள், "எனக்கு அவன் தம்பி இல்லையே வெர்னா" என்றாள். வெர்னா ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். க்ளாரி சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேஜை மேல் ஆட்டுக்கறி, கோழியும் காளானும், பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அலுமினியத் தாள் மூடிய பாத்திரங்கள் அடுக்கடுக்காக. ஒவ்வொன்றின் மேலேயும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஹோகார்த் வீடு, லிண்ட்சே வீடு, டைனி வீட்டிலிருந்து மட்டும் நாலு.

"பாவம் பார்த்துக் கொண்டுவந்து குடுக்குறாங்க" என்றான் க்ளாரி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"டேய். எனக்கு இந்த ஊர்ல ஒருத்தர் நல்ல முகம் காட்டல. போதும்டா. உண்மையச் சொல்லு."

"சொல்றேன். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். பேக்கரிக்காரி ஆப்பிள் க்ரம்பிள் இனிப்பு செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கா."

வெர்னா கையில் கிடைத்த துணியை அவன் மேல் வீசினாள். அவன் அதை மெதுவாக மடித்து மேஜையில் வைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "நீ கையத் தூக்கினப்போ நிஜமாவே வலிச்சுது வெர்னா. நானே கேட்டதுதான். ஆனாலும் நீ தூக்கமாட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு."

"எனக்கும்தான்டா இருந்துச்சு" என்றாள் வெர்னா.

க்ளாரி கோழிப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"டைனி பொண்டாட்டி பண்ணது. உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தா."

வெர்னா எழுந்துபோய் ஒரு தட்டு எடுத்துவந்தாள்.