எதிராளியின் செகண்ட்

எனக்கு ருக்ஸானாவைக் கண்டாலே ஆகாது. அவள் நல்லவள், அதுதான் இன்னும் எரிச்சல். வரும்போதெல்லாம் எனக்கென்று தனி டப்பாவில் இனிப்பான வட்டலப்பம் கொண்டுவருவாள். "அக்கா, டயர்டா தெரியறீங்க, கொஞ்சம் உட்காருங்க" என்பாள். எங்கே உட்காருவது? எங்கள் சாப்பாட்டு மேஜையில், சதுரங்கப் பலகைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அவள் அல்லவா உட்கார்ந்திருந்தாள்! எதிரே என் கணவர் அகிலன்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கில் எங்களுக்கு ஒரு தமிழ்ச் செஸ் குழு உண்டு. சனிக்கிழமை மத்தியானம் கம்யூனிட்டி சென்டரில் கூடுவார்கள். வருடக் கடைசியில் சாம்பியன் போட்டி. அதை சோவியத் காலத்து உலக சாம்பியன்ஷிப் மாதிரியே நடத்த வேண்டும் என்பது அகிலனின் பைத்தியம். ஐந்து மணிக்கு ஹாலை ஸும்பா டான்ஸ் கிளாஸுக்கு விட்டாக வேண்டும். அதற்குள் ஆட்டம் முடியாவிட்டால், அடுத்த நகர்வு யாருடையதோ அவர் அதைச் சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார். அதுதான் சீல்டு மூவ். மறு சனிக்கிழமை உறையைப் பிரித்துத் தொடர்வார்கள். நடுவில் அந்த நிலையை ஆராய ஆளுக்கு ஓர் உதவியாள் வைத்துக்கொள்ளலாம். அவர் பெயர் செகண்ட். கம்ப்யூட்டரிடம் மட்டும் கேட்கக் கூடாது. மேட்ச் சமமாக முடிந்தால் பழைய சாம்பியனே சாம்பியன்.

இந்தக் கடைசி விதியை விளக்க அகிலன் 1951ஆம் வருடக் கதையைச் சொல்லுவார். மாஸ்கோவில் சாம்பியன் போட்வின்னிக்கும் சவால் விட்ட பிரான்ஸ்டைனும் இருபத்து நாலு ஆட்டம் ஆடினார்கள். இரண்டே ஆட்டம் பாக்கி இருக்கும்போது பிரான்ஸ்டைன் ஒரு புள்ளி முன்னால். இருபத்து மூன்றாவது ஆட்டம் பாதியில் நின்றது. போட்வின்னிக் உறையில் ஒரு நகர்வை எழுதி வைத்தார். தன் செகண்டிடம் வேறொன்றைச் சொன்னார், அந்த மனிதர் நடக்காத நகர்வை உட்கார்ந்து ஆராய்ந்தார், உண்மை தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. ஆட்டத்தைப் போட்வின்னிக் ஜெயித்தார், கடைசி ஆட்டம் டிரா, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பட்டம் அவரிடமே தங்கியது. பிரான்ஸ்டைனுக்கு அப்படியொரு வாய்ப்பு அப்புறம் வரவே இல்லை.

அகிலன் இதை நன்றாகவே சொல்லுவார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். "சின்ன வயசுலயே படிச்சதுங்க" என்று முடிப்பார்.

சின்ன வயசிலாம்! கல்யாணமாகி இங்கே வந்தபோது அவருக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்றே தெரியாது. நான் கோவையில் காலேஜ் டீமின் பெஸ்ட் பிளேயர், முதல் போர்டு ஆடியவள். வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் வந்து, பகலெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்து, சாயங்காலம் அவர் வந்ததும் பலகையை விரிப்பேன். தால், பெட்ரோஸ்யான், ஸ்பாஸ்கி, கார்போவ் என்று சோவியத் சாம்பியன்கள் எல்லாரையும் அவருக்குச் சொன்னவள் நான். பிறகு ஓவியா பிறந்தாள், எனக்கு வேலை கிடைத்தது, பலகை அவருடையதாகிவிட்டது. அவர் குழுவுக்குப் போனார். நான் குழுவுக்குக் காபி போட்டேன்.

இந்த வருடம் இறுதிப் போட்டி அகிலனுக்கும் பழைய சாம்பியன் நஞ்சுண்டன் அங்கிளுக்கும். கடைசி ஆட்டம் வரை சமம். அகிலன் ஜெயித்தே ஆக வேண்டும். ஐந்து மணிக்கு ஆட்டம் நின்றபோது அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆளுக்கு ஒரு யானை. ருக்ஸானா சிப் டிசைன் பண்ணுகிறவள், குழுவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எல்லார் எதிரிலும் அகிலன் அவளைத் தன் செகண்டாக அறிவித்தார். நான் காபி ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வாரம் முழுக்க எங்கள் வீட்டில்தான் ஆராய்ச்சி. முதல் நாளே, "சிப்பாயைத் தள்ளியிருக்கேன், அதான் சீல்டு மூவ்" என்று அவளிடம் சொல்லிவிட்டார். அடுப்படியில் என் காதிலும் விழுந்தது. நஞ்சுண்டனின் ராஜா சிப்பாயைப் பிடிக்க ஓடிவரும், பாதி வழியில் செக் வைத்து அவர் யானையை அடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. திரும்பத் திரும்ப அதையே ஆடிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் தோசைக் கரண்டியோடு நின்றபடியே பார்த்தேன். ராஜா ஏன் ஓட வேண்டும்? அது மூலையிலேயே நிற்கட்டும். யானை பக்கவாட்டில் வந்து சிப்பாயின் மேல் ஒரு கண் வைத்தால் போதும். அகிலனின் யானை தன் சிப்பாய்க்கு முன்னாலேயே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் நகர முடியாது. அவர் ராஜா துணைக்கு வந்தால் பக்கத்திலிருந்து செக், மறுபடி செக். சுத்தமான டிரா.

மனசு கேட்கவில்லை. "ஏங்க, அந்த ராஜா வரலைன்னா?" என்றேன்.

"மாலு, ரெண்டு டீ. ருக்ஸானாவுக்கு சர்க்கரை கம்மி" என்றார், பலகையிலிருந்து தலையை எடுக்காமல்.

டீ போட்டேன்.

அவள் போன பிறகு என் பின்னால் வந்து நின்றார். "ருக்ஸானா எனக்குத் தங்கச்சி மாதிரி. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? பொறாமையா?"

"ஆமா. பொறாமைதான்."

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, பார்க்க வேண்டும்! இந்த வயதிலும் தனக்காக ஒருத்தி வயிறெரிகிறாள் என்று நினைத்துக்கொண்டார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மனுஷா, எனக்கு வேண்டியது நீ இல்லை, அந்த நாற்காலி என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. மறுநாள் ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து நஞ்சுண்டன் அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், உங்களுக்கு செகண்ட் யாருங்க?"

"யாருமில்லீங் அம்மிணி. வீட்டுல பர்வதம்தான் காபி குடுக்குறா. தோத்த ஆட்டத்துக்கு செகண்ட் எதுக்கு? சனிக்கிழம வந்து கை குடுத்துட்டுப் போயிரலாம்னு இருக்கேன்."

"தோக்கலைங்க. நான் வரட்டுங்களா?"

கோபிசெட்டிபாளையத்துக்காரர், யோசித்துத்தான் பேசுவார். "அகிலனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. செகண்ட் யாரா இருக்கணும்னு ரூல்ல இல்லைங்க."

ஆபீஸ் விட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எத்தனையோ வருடம் கழித்து! உறைக்குள் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அகிலன் எதை ஆடினாலும் நிற்கிற தடுப்பைத்தான் காட்டினேன். அங்கிள் நாலைந்து முறை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ராஜாவை அசைக்கவே கூடாதுங்களா?"

"ஆசைப்பட்டு ஒரு கட்டம்கூட நடுப்பக்கம் வந்துராதீங்க."

சனிக்கிழமை உறையைப் பிரித்தார்கள். அகிலன் சிப்பாயைத் தள்ளியிருந்தார். அங்கிள் யானையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தார். அகிலனின் புருவம் ஏறியது. ருக்ஸானா முன்னால் சாய்ந்தாள். ராஜா மூலையை விட்டு வரவே இல்லை. செக், செக், செக் என்று ஆட்டம் ஸும்பாக்காரர்கள் கதவைத் தட்டும் வரை இழுத்தது. டிரா. நஞ்சுண்டன் மறுபடி சாம்பியன்.

கை தட்டினார்கள். அங்கிள் நேர்மையான மனிதர், மைக்கைப் பிடித்து, "இது என்னோட செகண்ட் கண்டுபிடிச்சதுங்க, நம்ம மாளவிகா" என்று சொல்லிவிட்டார். ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது.

கார் பார்க்கிங்கில் அகிலன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் உடைந்திருந்தது.

"சீல்டு மூவை அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"பொய் சொல்லாத மாலு. பின்ன எப்படி அந்த டிஃபென்ஸ்?"

"நான் கண்டுபிடிச்சேன்."

"நீயா?"

நான் அவருக்குத் துரோகம் செய்திருப்பேன் என்று நம்ப அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் இதைப் போல எதுவும் எனக்கு வலித்ததில்லை. கையை உருவிக்கொண்டேன்.

ருக்ஸானா பின்னால் ஓடி வந்தாள். வந்தவள் அகிலனைப் பார்க்கவே இல்லை. "அக்கா, உங்களுக்கு செஸ் தெரியும்னு இவர் சொல்லவே இல்லை! உங்களுக்கு இன்ட்ரஸ்டே கிடையாதுன்னாரு. அந்த யானை சைடுல வரும்னு எப்படித் தோணுச்சு? வாங்க, காட்டுங்க, ப்ளீஸ்."

தன் கார் டிக்கியைத் திறந்து, உள்ளேயே காந்தப் பலகையை வைத்துக் காய்களை அடுக்கினாள். அந்த நிலை அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. ஒரு வாரமாக நான் வெறுத்த பெண் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காட்டக் காட்ட "அய்யோ, அய்யோ" என்றாள். நடுவில் அவள் ஒரு நகர்வு சொன்னாள். நான் யோசிக்காதது, நல்ல நகர்வு. இருவரும் குனிந்துவிட்டோம்.

"போலாமா? ஓவியா வெயிட் பண்ணுவா" என்றார் அகிலன். சற்று நேரம் கழித்து எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அங்க ராஜாவை முன்னாடி கொண்டுவந்தா?" என்றார். ருக்ஸானா தலையைத் தூக்காமல், "அது வேலைக்காகாது அகிலன்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கார்ச் சாவியைப் பிடித்தபடி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், உள்ளே எப்படி எரியும் என்றும் தெரியும். பாவமாகக்கூட இருந்தது.

குனிந்து அடுத்த காயை நகர்த்தினேன்.