பறங்கி தோற்ற செவ்வாய்க்கிழமை

நானூறு வருடங்களுக்கு முன் போர்த்துக்கேயப் பறங்கியர் எங்கள் கொழும்புத்துறையில் இறங்கி வென்ற சண்டை, இந்த வருடம் வைகாசி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் மறுபடி நடந்து, இம்முறை பறங்கியர் தோற்றார்கள். கடலில் யாரும் எதையும் காணவில்லை. காலை ஒன்பது மணி தொடக்கம் மத்தியானம் வரை வெடிச்சத்தம் மட்டும் கேட்டது. வெடிச்சத்தம் கேட்டுப் பழகிய சனம் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்தது. பிறகு முரசு கேட்டது. அது எங்கள் பக்கத்து முரசு என்று தெரிந்ததும் சந்தியில் நின்ற சிலர் கைகூடத் தட்டினார்கள். பாவங்கள், அவர்களுக்கு என்ன தெரியும்.

புதன்கிழமை பாண் இல்லை. பேக்கரிக்காரர் மாவைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்கிறது என்று யோசித்தபடி நின்றார். வியாழக்கிழமை மேசையும் கதிரையும் போயின, யன்னல்கள் சுவராகின. மக்டலீனுடைய அலுமாரி போய், மடித்த சேலைகள் நிலத்தில் கிடந்தன. அதன் திறப்பு மாத்திரம் அவள் கையில் இருந்தது. மக்டலீன் கெட்டிக்காரி. திறப்பு எங்கள் சொல், அலுமாரி பறங்கியின் கப்பலில் வந்த சொல் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கக்கூசு ஒல்லாந்தருடைய சொல்லல்லவா, அது நிற்கும் என்று அவள் புருசன் மரியரட்ணம் ஆறுதல் சொன்னான். துரத்துவதற்குப் பறங்கி இல்லாத ஊருக்கு ஒல்லாந்தன் எதற்கு வருவான்? ஞாயிற்றுக்கிழமை அதுவும் போயிற்று.

அடுத்த கிழமை பெயர்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின, பெயரோடு ஆட்களும். அயல்வீட்டு ஜெரிசன் வலை இழுத்துக்கொண்டு நின்றான். வலை நின்றது, அவன் இல்லை. யோசப்பின் என்கிற அவனுடைய தாய், அவனது மேற்சட்டையைத் தூக்கிக்கொண்டு இது யாருடையது என்று ஒழுங்கையெல்லாம் கேட்டுத் திரிந்தாள். மறுநாள் கேட்பதற்கு அவளும் இல்லை. மரியரட்ணத்துக்குப் பாதிப் பெயர்தான் போனது. வெறும் ரட்ணமாக எழும்பியவன், மக்டலீனை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல மரியாதையாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பறங்கி தோற்ற ஊரில் தனக்கு எங்கே வீடு இருந்திருக்குமோ அங்கே நடந்து போனான். அவள் ஒழுங்கை முடியும் வரை பின்னால் ஓடினாள். அவன் திரும்பவில்லை. அன்று அவள் நெஞ்சில் அடித்து அழுதாள்.

மிச்சம் இருபது வயது மகள் லவீனா. அவளுடைய விரல் நுனிகளுக்கூடாக வெயில் தெரியத் தொடங்கியிருந்தது. அப்படியே விட்டால் பிள்ளை இல்லாமல் போவாள். கப்பலில் வராத பெயரொன்றை வைத்தால் இருப்பாள், ஆனால் தகப்பனைப் போல எங்கேயோ நடந்துவிடுவாள். மக்டலீன் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தாள். பிறகு மகளை இழுத்து வைத்துக் காதில் மூன்று தரம் நல்லம்மா என்றாள்.

"நல்லம்மாவோ? மம்மி, உங்களுக்கென்ன விசரே? கிழவியளின்ரை பேர்!" என்று மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே விரல்கள் முழுசாகின.

"என்ரை பேர் நிக்காது, நீ கூப்பிடுற சொல்லிலைதான் நான் நிக்கிறன். இனி என்னை மம்மி எண்டு கூப்பிடாதை பிள்ளை. அம்மா எண்டு கூப்பிடு. இங்கிலீசுக்காரன்ரை சொல்லும் போகப்போகுது. அது போனா நானும் போயிடுவன்."

"நீங்களும் ஒரு பேரை வையுங்கோவன்."

"நானும் மாத்திப்போட்டு எங்கையாவது போயிட்டா, நீ என்ரை பிள்ளை எண்டு ஆருக்குத் தெரியும்?"

மகள் வெட்கத்தோடு ஒருதரம் அம்மா என்று சொல்லிப் பார்த்தாள். "பஸ்ஸிலை வாற ஆரோ மனுசியைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. சரி, கூப்பிடுறன்."

வெள்ளிக்கிழமை பஸ்கள் போயின. உள்ளே இருந்த சனம் தாரும் போன மண்தெருவில் உட்கார்ந்தபடி இருந்து, எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு நடந்தது. அந்தச் சனத்தோடு நல்லம்மாவும் நடந்தாள். மக்டலீன் பத்தடி பின்னால் உடுவில் ஊர்வரை போனாள். அதற்குள் அவளுடைய இரண்டு கைகளும் தோள்வரை காணாமல் போயிருந்தன. மகள் ஒரு தோட்டக்கார வீட்டுக்குள் நுழைந்து, பிறந்து வளர்ந்த வீடு மாதிரி நெற்றிக்குத் திருநீறு பூசி, கிணற்றடியில் வாளியை எடுத்தாள். வாசல் படலையில் யாரோ நிற்பதைக் கண்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, ஆரைத் தேடுறியள்?"

அந்நிய மனுசியிடம் கேட்கும் கேள்விதான். ஆனால் சொல் சொல்தானே. மக்டலீனுடைய கைகள் திரும்ப வந்தன. வந்த கைகளால் படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை. கொஞ்சம் தண்ணி தாறியே?"

மகள் வாயால் ஒருதரம் அம்மா என்று வந்தால் ஒரு நாள் தாங்குகிறது. அதனால் நாளாந்தம் காலையில் அவள் அந்தப் படலைக்கு வருகிறாள். தண்ணீருக்கு வரும் மனுசி என்று அந்த வீட்டார் செம்பை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்லம்மாவுக்கு இப்போது கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கமாம், ஆவணியில் கூட்டிக்கொண்டு போகிறாராம். மக்டலீனும் பந்தலுக்குத் தென்னோலை பின்னிக் கொடுக்கிறாள்.