நாலு பேருக்கு ஒரு மேசை

கவிழ்த்து வைத்த நாற்காலிகளுக்கு நடுவே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வெள்ளிக்கிழமையா? நாலு பேருக்குத் தாராளமா இடம் இருக்கும்மா," என்றார். அவள் சுற்றிப் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் அந்த டான்ஸ் பார் விருந்தாளிகள் கிளம்பிப் போன வீடு மாதிரிச் சோர்ந்து கிடந்தது. ஆனாலும் வழுவழுவென்று மரத்தரை, அகலமான வாசல். தெருவிலிருந்து உள்ளே வர ஒரு படிகூடக் கிடையாது.

அதுதான் அவளை உறுத்தியது.

பார்லரில் கூட வேலை பார்க்கும் சுருட்டைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் ஒரு நாள் ஆசை தீர ஆடிவிட வேண்டும் என்றாள். முதலாளியம்மாவும் வருவதாகச் சொல்லிவிட்டாள். "அண்ணி இல்லாம ஆட்டமா?" என்று சுருட்டைதான் கேட்டது. விபத்துக்கு முன்னால் அண்ணியும் அங்கேதான் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆட எழுந்தால் மற்றவர்கள் தாமாகவே ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். நல்ல இடமாகத் தேடும் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது.

அந்த விபத்தில் இடுப்பெலும்பு முறிந்த அண்ணியைக் குளிப்பாட்டியதும், உடை மாற்றியதும், நடக்கப் பழக்கியதும் இவள்தான். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விடுவான். இவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு சாயங்காலம், யார் முழங்கையையும் தாங்காமல், கையை வீசி ஆட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"யோசிச்சுச் சொல்றேண்ணே," என்று வெளியே வந்தாள். அடுத்த தெருவில், செங்குத்தான படிகளில் இறங்கிப் போகவேண்டிய இன்னொரு பாரில் மூன்று பேருக்குச் சொல்லிவைத்தாள்.

வீட்டில் அண்ணி சுவரில் சாய்ந்து நின்று தன் நீல கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"படியில்லாத அந்த பார்ல எடமெல்லாம் நெறஞ்சிருச்சாம் அண்ணி. கெடைச்சது பாதாளத்துல. படி ஒவ்வொண்ணும் இத்தன ஒசரம்." கையால் காட்டிய உயரம் உண்மையைவிட இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது.

"அதனால என்ன, நீங்க போயிட்டு வாங்க." இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

"அப்புறம் எதுக்கு இத தேய்க்கிறீங்க?"

"ஆரம்பிச்சிட்டேன். பாதியில விடுவானேன்."

சொன்ன பொய்யைத் திரும்ப வாங்க அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி போனில் கூப்பிட்டாள். "சும்மா ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமேன்னு படியில்லாத அந்த பாருக்கே போன் போட்டேன். நம்ம நல்ல நேரம், இடம் இருக்காம்! நாலு பேருக்குச் சொல்லிட்டேன்." அந்தக் குரலில் சந்தோஷத்தைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. வெட்டுவதை நிறுத்திவிட்ட அவளைக் கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், கூட்டம் சேருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தார்கள். தரை துடைத்தவரே மடிப்புக் கலையாத சட்டையில் தண்ணீர் கொண்டுவந்தார். "வாங்கம்மா! அன்னிக்கே சொன்னேனே, தாராளமா இடம் இருக்குன்னு. யோசிக்கிறேன்னு போயிட்டீங்களே?"

சுருட்டை சட்டென்று இவளைத் திரும்பிப் பார்த்தாள். இவளுக்குக் காது மடல் சுட்டது. முதலாளியம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

அண்ணி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "இவளுக்கு நாலு எடம் அலைஞ்சு பாத்தாத்தான் திருப்தி," என்று சிரித்தாள்.

பாட்டு தொடங்கியது. சுருட்டையும் முதலாளியம்மாவும் எழுந்து போனார்கள். இவள் நகரவில்லை.

"அண்ணி, நான் வந்து..."

"பேசினது போதும். பாட்டு முடிஞ்சிரும், போய் ஆடு."

சொல்லிவிட்டு அண்ணி மேசை விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். முதலில் தோள்கள் மட்டும் அசைந்தன. பிறகு கழுத்து. பிறகு, பயந்து பயந்து, இடுப்பு. மேசை கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்தது. தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

இவள் எழுந்து எதிர்ப்பக்கம் போய், இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். மேசை நின்றது. அண்ணி கண்களை மூடியிருந்தாள். பலகை வழியாக அவளுடைய தாளம் இவள் உள்ளங்கைகளுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.