தனக்கோடி வீட்டு நடுக்கடல்

செங்கல்பட்டுக் கோர்ட்டில் தீர்ப்பு வாசித்த அன்று சாயங்காலமே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், இருசப்பன் வீட்டுக் கூடத்தின் நடுவே கடல் வந்து படுத்துக்கொண்டது. அகலம் ஒரு துடுப்பு. வாசல் வழியாக நுழைந்து கொல்லை வழியாக வெளியேறியது. அடுப்பு மனைவி தனக்கோடி பக்கம், டிவி இருசப்பன் பக்கம் என்று பாகத்தையும் அதுவே பிரித்துவிட்டது. அமாவாசைக்கு கேஸ் சிலிண்டர் மிதக்கும் என்பதைத் தவிரப் பெரிய தொந்தரவில்லை. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. நின்று நின்று ஊருக்கும் கால் வலித்தது, கலைந்துவிட்டது.

இருசப்பனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வாய்தான். வலை கிழிந்தால் திட்டு, கிழியாவிட்டால் மீன் படவில்லை என்று திட்டு. எல்லாம் தனக்கோடிக்கு. அந்தத் திட்டுகள் சுவரில் மோதி உப்பாக உதிரும். விடிந்ததும் அவள் பெருக்கினால் ஒரு கூடை தேறும். தெருவில் கருவாடு போட்டதெல்லாம் அந்த உப்பில்தான். தின்றவர்கள் இன்றைக்கும் முன்கோபிகள். கல்யாணமான இருபத்தாறாம் வருஷம் துடைப்பத்தைத் தூக்கவும் தெம்பில்லாமல் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

"ஒரேயடியா டைவர்ஸே வாங்கிடலாமேம்மா" என்றார் வக்கீல் ரேணுகா.

"வேணாம் மேடம். அவனுக்குப் பொண்டாட்டியா இருக்கறதுல ஒண்ணும் இல்ல. ஒரே வூட்ல கூட இருக்கறதுதான் பேஜாரு."

அந்தக் குப்பத்து வழக்கம் அப்படி. மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கப் பெற்றவர்கள் ஜோடியாக நிற்கவேண்டும். டைவர்ஸ் வாங்கி அறுத்துக்கொண்டவளுக்கு மணவறையில் இடமில்லை. அவளுக்குப் பதில் வேறு ஜோடி நிற்கும். மகள் பிரியங்காவின் கையில் தண்ணீர் வார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் தனக்கோடி விட்டுத்தர மாட்டாள்.

"அப்போ இதுக்கு ஜுடிஷியல் செபரேஷன்னு பேர். சேர்ந்து வாழ்ற கட்டாயம் கிடையாது, கல்யாணம் அப்படியே இருக்கும். ஆனா நீங்க வேற கல்யாணம் பண்ணிக்க முடியாது."

"இன்னொண்ணா? ஒண்ணே தாங்கல மேடம்."

வாய்தா மேல் வாய்தா. கோர்ட்டு வேப்பமரம் இரண்டு முறை இலை உதிர்த்தது, மூன்றாம் முறை அலுத்துப்போய் விட்டுவிட்டது. கொட்டாவிக்கு நடுவே தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து எங்கே நின்றாலும் நடுவில் கடல் வந்துவிடும். பஸ்ஸில் வந்தபோது கண்டக்டர் பேன்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

கல்யாணத்தன்று மணவறையிலும் வந்தது. கூடவே நாலு மடவை மீனும். மாப்பிள்ளை அரசுவின் அம்மா ஜோதிலட்சுமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அப்பன் அந்தாண்ட, ஆத்தா இந்தாண்ட. இன்னா கூத்து இது? கோர்ட்டு ஆர்டர கேன்சல் பண்றேன்னு இங்கியே சொல்லு, இல்ல வேற ஜோடிய நிக்க வெய்யி!"

இருசப்பன் தலை குனிந்தபடி, "ரத்து பண்ணிக்கலாம் தனம். பொண்ணுக்கோசரம்" என்றான். கூடைகூடையாக அள்ளிய உப்பு தனக்கோடியின் தோளில் கனத்தது. "பொண்ணுக்கோசரம்தான் இத்தினி வருசம் பெருக்கினேன். இனிமே முடியாது. நவுரவும் மாட்டேன்" என்றாள்.

மேளம் நின்றது. பிரியங்கா எழுந்து, அரசுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டுப்புடவையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்காலளவுதான். "இங்கேர்ந்து கை எட்டும். தண்ணி வாருங்க" என்றாள். ஒரு கரையிலிருந்து அப்பன் கை, மறு கரையிலிருந்து அம்மா கை. செம்பைத் தேடுவதற்குள் ஒரு சின்ன அலை எழும்பி, நாலு பேர் கையிலும் வழிந்து இறங்கியது. ஜோதிலட்சுமி முந்தானையைப் பிழிந்தாள். "சரி, பந்திய போடுங்க, பசிக்குது" என்றாள்.

இப்போதெல்லாம் இருசப்பன் தன் பங்கு மீனைக் கூடத்துத் தண்ணீரில் விடுவான். மறு கரையில் தனக்கோடி அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போவாள். கடலில் இருக்கும் வரைக்கும் மீன் ஆணுடையது, கரையேறிய மீன் பெண்ணுடையது என்பது அந்தக் குப்பத்துச் சட்டம். அதை எந்தக் கோர்ட்டும் தொடவில்லை. அவன் இன்னும் திட்டத்தான் செய்கிறான். பாதி வழியிலேயே அது தண்ணீரில் விழுந்து கரைந்துவிடுகிறது. கடலில் உப்பு கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? தனக்கோடி மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாள். கதவுக்குப் பின்னால் சாய்ந்த துடைப்பத்தில் ஒரு நண்டு குடியிருக்கிறது.