அசரியாவின் பகல் தூக்கம் குறித்த தீர்மானம்

செம்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே, போன தலைமுறை வரைக்கும் நெல் விளைந்த இடத்தில், சாந்தி நகர் என்ற பெயரில் நாற்பத்திரண்டு வீடுகள் முளைத்திருந்தன. மனை விற்றவர்கள் அச்சடித்த நோட்டீஸில் 'தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து எட்டே நிமிடம்' என்று போட்டிருந்தது. பறந்து வந்தால் எட்டு நிமிடம்தான். 'அமைதியான சூழ்நிலை' என்றும் போட்டிருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. பகலில் வீட்டில் படுத்துச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்தப் பாக்கியம் எண்பத்தேழாம் வருஷம் அசரியாவுக்குக் கிடைத்தது.

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனியில் அவன் பாய்லர் பார்த்துக்கொள்கிறவன். அதுவரை மூன்று பேர் வாரம் மாற்றி வாரம் செய்துவந்த இரவு வேலையை, 'நிர்வாகச் சீரமைப்பு' என்று சொல்லி, சீனியாரிட்டியில் கடைசியாக இருந்த அவன் தலையில் நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு வேலை இல்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும். அதுதான் முடியவில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை தூங்கி மாட்டிக்கொண்டு இரண்டு மெமோ வாங்கிவிட்டான். மூன்றாவதுக்கு மெமோ கிடையாது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று பர்சனல் ஆபீசர் கஸ்தூரிரங்கன் மிகுந்த மரியாதையோடு தெரிவித்திருந்தார்.

பகலில் தூங்கப் பார்க்காமலா இருந்தான்? காலை ஏழரைக்கு வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, ஜன்னலில் கம்பளியை ஆணியடித்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பான். மனைவி கிருபா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் சாந்தி நகரின் சாந்தி ஆரம்பமாகும். எதிர் மனையில் தண்ணீருக்கு போர்வெல் போடுகிறவர்கள் பூமியைக் குடைவார்கள். விமானப்படைப் பயிற்சி விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டு, இவன் வீட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்தாற்போல மறுபடி ஒரு வட்டம் அடிக்கும். அம்மி கொத்துகிறவள் வருவாள், கோலமாவு வரும், தலைமுடிக்குப் பாத்திரம் வரும். இதையெல்லாம்கூட அசரியா சகித்துக்கொண்டான். மனிதர்களைத்தான் முடியவில்லை. அவன் வீட்டில் இருப்பது தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார்கள். காஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தால் திறந்து காட்ட, ஊரிலிருந்து மாமனார் வந்தால் உட்கார வைக்க. "சும்மாத்தானே படுத்திருக்கீங்க" என்பது அவர்கள் சொல்லும் நன்றி. 'இரவு டியூட்டி. தட்ட வேண்டாம்' என்று கதவில் எழுதி ஒட்டிப் பார்த்தான். அதைப் படித்தவர்கள், பாவம், தினமுமா இரவு டியூட்டி என்று விசாரிக்கத் தட்டினார்கள்.

இரண்டாவது மெமோவுக்குப் பதில் எழுதும்போது உண்மையையே எழுதினான். குடியிருக்கும் இடத்தில் பகலில் சத்தம் தாங்கவில்லை, தூக்கமில்லை, பழையபடி ஷிப்டு மாற்றித் தரவேண்டும் என்று. கஸ்தூரிரங்கன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, வாயால் சொன்னால் போதாது, பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் வாங்கி வா, யோசிக்கிறேன் என்றார்.

பொறுப்பானவர் என்றால் சாந்தி நகரில் ஒருவர்தான். நலச்சங்கத் தலைவர் யக்ஞநாராயணன். மத்திய சர்க்காரில் முப்பத்தோரு வருஷம் கோப்பு பார்த்து சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சர்க்காரிடமிருந்துதான், கோப்புகளிடமிருந்து அல்ல. சங்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர்ஹெட், தபாலுக்கு வரவு எண், அனுப்பு எண் எல்லாம் உண்டு. தீர்மானம் போட விஷயம் மட்டும் கிடைக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசரியாவும் கிருபாவும் போய் நின்றார்கள். இங்கே பகலில் சத்தம் அதிகம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று கிருபா சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"சத்தம் அதிகம்னு நானே எழுதித் தரதா? சாந்தி நகர்னு ஸ்டாம்பு குத்தி?" என்றார். "டீச்சர், இன்னும் பதினோரு மனை விக்காம இருக்கு. பேப்பர்ல ஏறிடுத்துன்னா அவ்வளவுதான், ஒருத்தன் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுப்பானா?"

"இவரே படுக்க முடியாமத்தான் சார் வந்திருக்கோம்" என்றாள் கிருபா.

அவர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அசரியா ஒரு அடி பின்னால் நகர்ந்தான். கடிதம் என்ன பெரிய கடிதம், நோயையே போக்கிவிடலாம் என்றார் தலைவர். சாந்தி நகர் முழுவதையும் பகல் நேர அமைதிப் பகுதியாக அறிவித்துவிட்டால் அசரியா தூங்குவான், காலனிக்கும் கௌரவம், மனைக்கும் மதிப்பு. எங்களுக்கு அந்த மூன்று வரி போதும் சார் என்று அசரியா சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. எந்தச் சத்தம் எத்தனை மணிக்குத் தொல்லை என்று கணக்கெடுக்க மூன்று பேர் கொண்ட உபகுழு அமைந்தது. உபகுழு ஒரு வாரம் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அசரியாவின் கதவைத் தட்டி, இப்போது தொல்லை எதுவும் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போயிற்று. பச்சை வர்ணத்தில் பலகை தயாரானது. 'அமைதி காப்போம்.' திறப்பு விழா புதன்கிழமை காலை பதினொரு மணி.

செவ்வாய்க்கிழமை அசரியா கெஞ்சிப் பார்த்தான். அதற்கு முன் மூன்று நாளாகச் சேர்த்து நாலு மணி நேரம்கூடத் தூங்கவில்லை, தன்னை விட்டுவிடுங்கள் என்றான். பயனாளி இல்லாமல் விழாவா, ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும் என்றார் தலைவர். அந்தக் கடிதத்தையும் மறந்துவிடவில்லை, உங்கள் கம்பெனிக்கு நானே நேரடியாக எழுதுகிறேன் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அசரியா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

மைக் செட் ஜெயவேலுவுடையது. அந்த மனைகள் எல்லாம் அவன் அப்பன் நிலம். விற்ற பணத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், எட்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தான். காலை ஆறரைக்கே பக்திப் பாட்டைப் போட்டுவிட்டான். அசரியா மேடை ஏறும்போது அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், கண்ணு ரெண்டும் கோவைப்பயம் மாதிரி கீது. நைட்டெல்லாம் முயிச்சிகினு இருந்தியா?"

"அதாம்பா வேலை."

"அப்ப பகல்ல தூங்கேன் சார். ஏன் இங்க வந்து பேஜார் பண்ணிக்கிற?"

அந்த ஊரில் அசரியாவிடம் நியாயமாகப் பேசிய ஒரே மனிதன் அவன்தான்.

பத்தேமுக்காலுக்குக் கரண்ட் போயிற்று. ஜெயவேலு மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டான். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அதனால் தலைவர் தலைமை உரையையும் சிறப்புரையையும் தானே ஏற்றுக்கொண்டார். மௌனத்தின் மகத்துவம் பற்றி எட்டு குழாய்களிலும் முழங்கத் தொடங்கினார். அசரியாவின் தலைக்கு நாலடி மேலே ஒரு குழாய். கழுத்தில் பொன்னாடை, கதகதப்பாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலி லேசாக அதிர்ந்தது. ராத்திரி ராத்திரி பாய்லர் பக்கத்தில் ஸ்டூல் அதிர்வதைப் போலவே. தண்ணீர் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கப்புறம் எந்த நினைப்பும் இல்லை.

ஒன்றரை மணி நேரம் தூங்கினான். இரண்டு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் அவன் தூங்கியதில்லை. வாய் திறந்திருந்தது. மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை கொண்டு வந்த கேமராவில் தலைவர் மூன்று கோணங்களில் படம் எடுத்தார். நன்றியுரைக்குப் பிறகு கிருபா வந்து தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஷிப்டு முடிந்து வெளியே வந்தவனை பர்சனல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கஸ்தூரிரங்கன் மேஜைமேல் சாந்தி நகர் நலச்சங்கத்தின் பதிவுத் தபால் பிரித்துக் கிடந்தது. அசரியாவுக்கு ஒரு நிமிஷம் யக்ஞநாராயணன்மேல் பாசமே வந்துவிட்டது. சொன்னபடி எழுதிவிட்டாரே மனுஷர்.

கஸ்தூரிரங்கன் கடிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். மேற்படி அசரியா அவர்கள், எமது சங்கம் எடுத்த தீவிர நடவடிக்கைகளின் பயனாக, சென்ற புதன்கிழமை பகல் மணி 11.10 முதல் 12.40 வரை, ஒலிபெருக்கிக்கு நான்கடி தூரத்தில், எவ்வித இடையூறும் இன்றி ஆழ்ந்து உறங்கினார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்பட்டிருந்தது. இணைப்பு: புகைப்படம் மூன்று. நாலடி என்பதை விட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு விவரத்தையும் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

"குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ இப்படித் தூங்கறே. வீட்டுல சத்தம், தூக்கம் வரலைன்னு எனக்கு எழுதிக் கொடுக்கறே" என்றார் கஸ்தூரிரங்கன். கோபம்கூடப் படவில்லை. "நீயே சொல்லு, நான் எதை நம்பறது?"

அசரியா வாயைத் திறந்தான். காரணம் அவனுக்குத் தெரியும். அந்த ஜெனரேட்டர்தான். பாய்லர் மாதிரியே சத்தம் போட்டது. அந்தச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் தானாகவே கண் சொருகிவிடுகிறது. இதைத்தான் சொல்லவேண்டும். சொன்னால், பாய்லர் பார்க்கிறவன் பாய்லர் சத்தத்தில் தூங்குகிறான் என்று தன் வாயாலேயே எழுதிக் கொடுத்தாற்போல ஆகும். வாயை மூடிக்கொண்டான்.

அவன் ஒன்றும் சொல்லாததை கஸ்தூரிரங்கன் ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார். ஷிப்டு மாற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, இரவுப் பணி மறு உத்தரவு வரை தொடரும், இனி ஒரு தடவை தூங்கினால் விசாரணையின்றி வேலை நீக்கம். டைப் அடித்துத் தயாராகவே இருந்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பேனா முனையால் காட்டினார். அசரியா போட்டான்.

கதவு வரை போனவனை அவர் மறுபடி கூப்பிட்டார். ஒரு படத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்னால் தெரிந்த தென்னை மரங்களையும் வீடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, நெஜமாவே அவ்வளவு அமைதியான எடமா அது? நானும் ரிட்டயர்மெண்டுக்கு ஒரு எடம் பாத்துண்டிருக்கேன். மனை எதாவது இருக்கா?"

அசரியா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றபடியே கண் மூடிக்கொண்டு வந்தது. சமாளித்துத் திறந்தான்.

"பதினொண்ணு இருக்கு சார்" என்றான்.